அம்பாசிடர் மிஸ் ஆகிறதா? பிளக்கை மாற்றும் முன் கழற்றிப் பாருங்கள்

அம்பாசிடர் வாங்கிய முதல் வருடத்தில் நான் மூன்று செட் ஸ்பார்க் பிளக் (சிலிண்டருக்குள் பொறி தந்து பெட்ரோலைப் பற்றவைப்பது) மாற்றினேன். மொத்தம் பன்னிரண்டு. அப்படியும் மூன்றாவது கியரில் மேடு ஏறினால் வண்டி திக்கித் திக்கித்தான் போகும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போவதைத்தான் 'மிஸ்' ஆகிறது என்பார்கள். ஒவ்வொரு முறையும் பட்டறையில் கிடைத்த பதில் ஒன்றே: "பிளக் போயிடுச்சு சார்." புதுசு போட்டால் நான்கு நாள் அருமையாக ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கடைசியில் பார்த்தால், மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் வயர், பிளக் மேல் மாட்டும் கேப்புக்குள் அறுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த சோதனைக்குக் காசே ஆகவில்லை, பத்து நிமிடம்தான் ஆனது.

அந்த வருடம் கற்றுக்கொடுத்த பாடத்தில்தான் இந்தக் கட்டுரை நிற்கிறது. பிளக் கெட்டுப்போயிருந்தால், அது ஏன் கெட்டது என்று கேட்காமல் புதுசு போடக் கூடாது. எரிப்பு அறைக்குள் நடப்பதை நேரில் பார்த்துவிட்டு வெளியே வருகிற ஒரே பாகம் அதுதான். துடைத்துத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

முதலில், உங்கள் எஞ்சின் எது?

சிரிக்காதீர்கள். பழைய அம்பாசிடர் வாங்கிவிட்டு ஸ்பார்க் பிளக் எங்கே என்று தேடியவர்கள் இருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது ஹீட்டர் பிளக், அதன் வேலையே வேறு. உங்களுடையது டீசல் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடரில் பல எஞ்சின்கள் வந்தன. இங்கே நான் பேசுவது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பற்றி. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த 'பி சீரீஸ்' குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் அது. பின்னாளில் வந்த 1800 இசுஸு பெட்ரோல் எஞ்சினுக்கு அளவுகள் வேறு. பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களும் படிக்கலாம். முறை ஒன்றுதான், அளவுகளை மட்டும் உங்கள் வண்டிப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

1489 எஞ்சினுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் சிலவே. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.64 மி.மீ. மெக்கானிக்குகள் '25 தௌ' என்பார்கள் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாயிண்ட் (திறந்து மூடி மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் முனைகள்) இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். நடுவில் 15 தௌ வைத்தால் போதும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். நான்கு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றுவது, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். 21 மி.மீ. பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், மெல்லிய உப்புத்தாள், பழைய பருத்தித் துணி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர். இவற்றோடு, நன்றாக வேலை செய்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக். அந்த ஐந்தாவது பிளக்குக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது.

கழற்றும்போது அவசரம் கூடாது

எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். நான்கு பிளக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு எதிர்ப்பக்கம் வரிசையாக இருக்கும். வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் சிறு துணி நாடா கட்டி 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று நினைத்துக் கழற்றிவிட்டு, பிறகு சாயங்காலம் வரை வயரை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கேப்பைப் பிடித்து மெல்லத் திருகி எடுங்கள். என் மூன்றாம் வயர் உள்ளே அறுந்தது யாரோ இழுத்த இழுப்பில்தான்.

பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு நிறுத்துங்கள். அதைச் சுற்றியுள்ள குழியில் மண்ணும் துருவும் சேர்ந்திருக்கும். காற்றடித்தோ பிரஷ் போட்டோ சுத்தம் செய்துவிட்டு அப்புறம் முழுதாகக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் போய் விழும். கழற்றிய பிளக்குகளை அதே வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். வரிசை மாறினால் பாதித் தகவல் போய்விடும்.

இன்னொன்று. கழற்றும் நாளைக்கு முன் வண்டியை இருபது கிலோமீட்டராவது ஓட்டியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைத்த எஞ்சினின் பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நான்கும் ஒரே மாதிரியா, ஒன்று மட்டும் வேறா?

நிறத்தைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இதைத் தாண்டி நேராக நிறத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

நான்கு பிளக்கும் ஒரே நிறத்தில் கெட்டிருந்தால், கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. கார்புரேட்டர், சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைப்பது), ஏர் ஃபில்டர், காயில் (12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துவது), பாயிண்ட், டைமிங் (பொறி விழும் நேரம்) ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால், அந்த சிலிண்டரிலோ அதற்குப் போகும் வயரிலோ தேடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மட்டும் வித்தியாசம், அதுவும் நடுவிலுள்ள 2, 3 என்றால், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள தகடு) அந்த இரண்டுக்கும் நடுவே ஊதியிருக்கிறதா என்று சந்தேகப்படலாம். இரண்டு வயர் இடம் மாறியிருந்தாலும் இரண்டு பிளக் நனைந்து வரும். அதை முதலில் பார்த்துவிடுங்கள், செலவில்லாத விஷயம்.

இனி நிறம்.

இளம் பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு என்றால் எல்லாம் நலம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய பட்டறைப் புத்தகங்களில் உள்ள நிறப் படங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. இந்தியாவில் 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. இப்போதைய பெட்ரோலில் பிளக் அவ்வளவு நிறம் ஏறாது, கொஞ்சம் வெளிறியே இருக்கும். அதைப் பார்த்து "கலவை மெலிந்துவிட்டது" என்று கார்புரேட்டரைத் திருக ஆரம்பித்துவிடாதீர்கள்.

உலர்ந்த கறுப்புப் புகைக்கரி, விரலால் தொட்டால் ஒட்டுகிறது என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்று பானட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போய்விட்டது என்பதால் கார்புரேட்டரில் சோக் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்து ஏர் ஃபில்டர். ஆனால் நான் அதிகம் பார்த்த காரணம் இவை இரண்டும் இல்லை. வண்டியை போர்ட்டிகோவில் நிறுத்தி, ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து "எஞ்சினுக்கு உயிர் கொடுக்கிற" பழக்கம்தான் அது. அந்தப் பத்து நிமிடத்தில் பிளக் சூடே ஆகாது. தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள பிளக்கின் முனைக்கு ஏறக்குறைய 450 டிகிரி சூடு வேண்டும். மாதம் இரண்டு முறை போதும், ஆனால் வெளியே எடுத்து நன்றாக ஓட்டிவிட்டு வாருங்கள்.

பளபளவென்று எண்ணெய் பூசிய கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில் மேலே வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு குப்பென்று நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு கைடு, சீல் பக்கம் பாருங்கள். மேடேறும்போது, இழுக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங். உறுதி செய்ய கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். அளந்து, பிறகு அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இந்த விஷயத்தில் பிளக் மாற்றுவது வெறும் ஒத்திப்போடல்தான்.

பெட்ரோலில் நனைந்து வாசமடித்தால், அந்த சிலிண்டருக்கு பெட்ரோல் வந்தது, பொறி வரவில்லை. அடுத்த பகுதி உங்களுக்காகத்தான்.

சுண்ணாம்பு போல வெள்ளை, முனை தேய்ந்து, பீங்கானில் கொப்புளம் என்றால் அளவுக்கு மீறிய சூடு. மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று கசிவு, ஜெட் அடைப்பு, டைமிங் முன்னால் தள்ளியிருப்பது, தவறான பிளக் இவற்றில் ஒன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய கார்புரேட்டர் எஞ்சினில் கலவையைச் சற்று மெலிய வைக்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் வருகிற விளைவு அது. பீங்கான் மேல் பொடிப் பொடியாக வெள்ளி மணிகள் மின்னினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியிருக்கிறது.

மற்ற மூன்றும் சாதாரணமாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போலச் சுத்தமாக இருந்தால் மகிழ வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் போகிறது. தண்ணீர் மட்டம் இறங்குகிறதா, சைலன்சரில் வெள்ளை ஆவி நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள்.

காசில்லாத சோதனை: இடம் மாற்றிப் பார்ப்பது

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியை ஐடிலிங்கில் விட்டு, ரப்பர் பிடி பிளேயரால் ஒவ்வொரு பிளக் கேப்பாக எடுத்து மறுபடி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கேப்பை எடுத்தால் எஞ்சின் தள்ளாடும். எடுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். கேப்பை எடுத்தபடியே அதிக நேரம் தொங்கவிடாதீர்கள், போக வழியில்லாத மின்சாரம் காயிலையோ டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையோ பதம் பார்க்கும். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதையும், சட்டைக் கையையும் துண்டையும் மறக்காதீர்கள். பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு மட்டுமே இந்த முறை. எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றியிருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாம் சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை அணைத்து, 3-ல் உள்ள பிளக்கை 2-க்கும், 2-ல் உள்ளதை 3-க்கும் மாற்றுங்கள். வயரைத் தொடாதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து அதே சோதனை. மிஸ்ஸிங் இப்போது 2-க்கு வந்துவிட்டதா? அப்படியானால் கோளாறு பிளக்கில்தான், மாற்றிவிடுங்கள். இன்னும் 3-லேயே நிற்கிறதா? பிளக் நிரபராதி.

அடுத்து வயர். 3-ன் வயர் இருந்த இடத்தில் வேறொரு நல்ல வயரைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் பக்கமும் பிளக்கின் பக்கமும் சேர்த்து முழு வயர். மிஸ்ஸிங் போய்விட்டதா? வயர். போகவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் அந்த முனையைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் சிலிண்டருக்குள்தான் கோளாறு, கம்ப்ரஷன் அளக்க வேண்டியதுதான்.

என் வண்டியில் புது பிளக் போட்டால் நான்கு நாள் ஏன் ஓடியது? புது பிளக்கின் முனை கூர்மையாக இருக்கும், குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாண்டும். அறுந்த வயரில் ஏற்கெனவே ஒரு இடைவெளி. பிளக் கொஞ்சம் கரி பிடித்து, கொஞ்சம் மழுங்கினதும் இரண்டு இடைவெளியையும் சேர்த்துத் தாண்ட மின்சாரத்துக்குத் தெம்பில்லை. புது பிளக் போட்டால் சரியாவதும், சில நாளில் திரும்புவதும் வயர் அல்லது காயில் பலவீனத்தின் அடையாளம் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால், பன்னிரண்டு பிளக்கின் காசு மிஞ்சியிருக்கும்.

பிளக்கின் தலையில் திருகும் சிறு நட்டையும் ஒரு தடவை கையால் முறுக்கிப் பாருங்கள். சில கேப்புகளுக்கு அந்த நட் வேண்டும், சிலவற்றுக்கு நட்டைக் கழற்றிவிட்டு மரை மட்டும் வேண்டும். பொருந்தாமல் மாட்டினாலோ, நட் லூஸாக இருந்தாலோ வண்டி குலுங்கும்போதெல்லாம் மிஸ் ஆகும்.

கரண்ட் வருகிறதா?

பட்டறை மொழியில் பொறிக்குப் பெயர் கரண்ட். "பிளக்குல கரண்ட் வரல" என்றால் பொறி இல்லை.

இப்போதுதான் அந்த ஐந்தாவது பிளக். எஞ்சினில் உள்ள நான்கு பிளக்கும் இடத்திலேயே இருக்கட்டும். சந்தேகப்படும் வயரின் கேப்பை மட்டும் கழற்றி, அதில் ஐந்தாவது பிளக்கைச் செருகி, அதன் இரும்பு உடல் எஞ்சின் பிளாக்கில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பெயின்ட் இல்லாத, துரு இல்லாத இடமாக இருக்க வேண்டும். பிளேயரால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே பொறி பார்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் கலந்த காற்றுதான் பீய்ச்சும். தீப்பிடிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம், அது பல ஆயிரம் வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

நீலமாக, 'சடக் சடக்' என்று சத்தத்தோடு அடித்தால் நல்ல பொறி. மஞ்சளாகவோ சிவப்பாகவோ நூல் போல வந்தால் பலவீனம். ஒரு வயரில் மட்டும் இல்லையென்றால் அந்த வயரும் கேப்பும். நான்கிலும் இல்லையென்றால் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவுக்கு வரும் தடித்த வயரைக் கழற்றி, அதன் முனையை பிளாக்கிலிருந்து ஐந்து மி.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அங்கே பொறி நன்றாக இருந்து பிளக்கில் இல்லையென்றால் குற்றம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலோ ரோட்டரிலோ. அங்கேயே இல்லையென்றால் பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்டில் வீண்பொறி பறக்காமல் தடுக்கும் சிறு பாகம்), காயில் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால்

கேப்பின் இரண்டு கிளிப்பைத் தள்ளினால் வந்துவிடும். உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால், மின்சாரம் அந்த வழியே ஒழுகுகிறது. சுரண்டினால் தற்காலிகமாக ஓடும், ஆனால் கேப்பை மாற்றுவதுதான் தீர்வு. நடுவில் ஸ்பிரிங் வைத்த சிறு கார்பன் துண்டு இருக்கும். அதை விரலால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வர வேண்டும். அது உடைந்து விழுந்த பிறகும் வண்டி ஒப்புக்கு ஓடும், அதனால் யாரும் பார்ப்பதில்லை.

மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் இந்தக் கேப்பை உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைப்பதுதான். தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் ரேடியேட்டர் ஃபேனே தண்ணீரை வாரி இதன் மேல் அடிக்கும். ஒழுகுகிற இடம் தெரியவில்லையா? இரவில், விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது பானட்டுக்குள் பாருங்கள். கெட்ட வயர்களின் மேல் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ரோட்டரைக் கழற்றினால் கீழே பாயிண்ட். எஞ்சினைக் கையால் சுற்றி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, 15 தௌ ஃபீலரை நுழைத்துப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். இடைவெளி குறைந்தால் டைமிங் பின்னால் போகும், பாயிண்ட் கருகும். அதிகமானால் டைமிங் முன்னால் போகும், வேகத்தில் பொறி மெலியும். முனைகள் சாம்பல் நிறத்தில் இருந்தால் உப்புத்தாளால் ஒரு இழுப்பு, பிறகு பழைய விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தால் போதும். ஒரு முனையில் குழியும் எதிர் முனையில் மேடும் விழுந்து, செல்ஃப் அடிக்கும்போது அங்கேயே பளிச் பளிச்சென்று பொறி பறந்தால் கண்டன்சர் சரியில்லை. கண்டன்சரை வீட்டில் சோதிக்கச் சுலபமான வழி, நல்லது ஒன்றை மாற்றிப் பார்ப்பதுதான்.

எல்லாரும் கோட்டைவிடுகிற ஒரு இடம் இங்கே உண்டு. வெளியிலிருந்து பாயிண்டுக்கு வரும் ஒரு குட்டி வயர், ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டோடு சேர்ந்து அசையும். வருடக்கணக்கில் அசைந்து அசைந்து உறைக்குள் நூல்நூலாக அறுந்துபோகும். ஐடிலிங்கில் நன்றாக இருந்து, மிதித்தால் மட்டும் திணறினால் இதை இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி இல்லை.

பாயிண்ட் சரியாகத் திறந்து மூடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் லாம்ப் போதும். காயிலில் 'சி.பி.' என்று எழுதிய முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் இரும்பு உடல்) நடுவே விளக்கை வைத்து செல்ஃப் அடியுங்கள். மின்னி மின்னி எரிந்தால் சரி. எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் ஒட்டவில்லை, அழுக்கு அல்லது அந்தக் குட்டி வயர். எரியவே இல்லையென்றால் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது காயிலுக்கே கரண்ட் வரவில்லை. இந்தப் பாகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. 1961-ல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தான் இந்த வண்டிகளின் மின்சாதனங்களுக்குப் பேர்போன பெயர், புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

சூடானால் மட்டும் நிற்கிறதா?

சித்திரை வெயில், டிராஃபிக்கில் அரை மணி நேரம், வண்டி பொட்டென்று நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. "பிளக் சூடாயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் இல்லை.

நின்ற அந்த நிமிடமே ஐந்தாவது பிளக்கை எடுத்துப் பொறி பாருங்கள். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. பொறி நீலமாக இருந்தால் பெட்ரோல்தான் வரவில்லை. பைப்பிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. ஈரத்துணியை பம்ப் மேல் போட்டுக் குளிர வைக்கும் பழைய டிரைவர் வைத்தியம் இதற்குத்தான். பொறி மஞ்சளாக மங்கியிருந்தால் காயில் அல்லது கண்டன்சர். காயிலுக்குள் சுற்றியிருக்கும் கம்பி சூட்டில் விரிந்து பிரிவதும், ஆறினால் மறுபடி தொடுவதும் வழக்கம். ரேடியோ கேட்பதற்காக எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை ஆன் நிலையில் விட்டுவைக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துபோகும்.

எந்த பிளக், எப்படிப் போடுவது

1489-க்கு வேண்டியது 14 மி.மீ. மரை, 19 மி.மீ. நீள பிளக். என்ஜிகே-யில் பிபி6இஎஸ் பொருந்தும். பாஷ், சாம்பியன் போன்றவற்றில் கடைக்காரர் மாற்று எண் தருவார். அங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. என்ஜிகே-யில் எண் கூடினால் பிளக் 'கூல்', அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். சாம்பியனிலும் பாஷின் இப்போதைய எண்களிலும் கூடினால் 'ஹாட்', சூட்டைத் தக்கவைக்கும். 6 இல்லை, 7 வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பெனியின் 7 என்று கேளுங்கள். மரை நீளம் மாறினால் இன்னும் மோசம். நீளமான பிளக் பிஸ்டனில் முட்டும்.

பழைய பிளக்கைச் சுத்தம் செய்வதா, புதுசு போடுவதா? வெறும் கரி என்றால் பெட்ரோலில் நனைத்துத் துடைத்து, மெல்ல பிரஷ் போட்டு மறுபடி உபயோகிக்கலாம். இரும்பு பிரஷால் பீங்கானைத் தேய்க்காதீர்கள், இரும்புத் துகள் கோடு போட்டு அதன் வழியே பொறி ஒழுகும். மணலடித்துச் சுத்தம் செய்யும் மிஷின் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரு மணல் சிக்கி சிலிண்டருக்குள் விழுந்தாலும் கீறல்தான், நான் அந்தப் பக்கம் போவதில்லை. அடுப்பில் சுடவைப்பதும் வேண்டாம். முனை வட்டமாகத் தேய்ந்திருந்தால், பீங்கானில் முடி அளவு விரிசல் இருந்தால், கை தவறி தரையில் விழுந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். விழுந்த பிளக் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே உடைந்திருக்கும்.

புது பிளக்கிலும் இடைவெளியை அளக்காமல் போடாதீர்கள். 25 தௌ ஃபீலர் லேசாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சரிசெய்யும்போது பக்கவாட்டு முனையை மட்டும் வளையுங்கள், நடு முனையில் கருவி வைத்து நெம்பினால் பீங்கான் போய்விடும்.

மாட்டும்போது ஸ்பேனரைத் தூர வையுங்கள். ஒரு ஜாண் பழைய பெட்ரோல் டியூபை பிளக்கின் தலையில் செருகி, அதைக் கொண்டு திருகுங்கள். மரை குறுக்கே பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். கையால் போகும் வரை போன பிறகு, புது பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய பிளக் என்றால் கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவு திருப்பினால் போதும். அதற்கு மேல் பலத்தைக் காட்ட வேண்டாம். அலுமினியம் ஹெட் உள்ள வண்டிகளில் மரையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

வயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்டி, ஒவ்வொரு கேப்பும் 'டக்'கென்று உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கார்புரேட்டர் வழியே பேக்ஃபயர் அடித்தால் இரண்டு வயர் இடம் மாறியிருக்கும்.

பிறகு ஒரு ஓட்டம். காலியான நேர்ச்சாலையில் ஐம்பது, அறுபதில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு, ஐடிலிங்கில் விடாமல் ஓரமாக நிறுத்தி உடனே அணையுங்கள். எஞ்சின் ஆறும் வரை ஒரு டீ. ஆறியதும் ஒரே ஒரு பிளக்கை, முன்பு தகராறு செய்த சிலிண்டருடையதைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு எட்டிப்பார்த்தால் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் எந்த சிலிண்டர், என்ன நிறம், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று சின்ன நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை பட்டறையில் "பிளக் போயிடுச்சு சார்" என்று சொன்னால் அந்த நோட்டை எடுத்து நீட்டலாம். டிக்கியில் பிளக் ஸ்பேனர், பாயிண்ட் செட், கண்டன்சர், ரோட்டர், உலர்ந்த துணி, அந்த ஐந்தாவது பிளக் ஆறையும் ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள்.